ஏரி கோடி போனால் தண்ணீர் எங்கே போகும்? பெங்களூரு ராஜகாலுவே பற்றி ஓர் எளிய விளக்கம்

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு பெய்த மழையைப் பெங்களூரின் கிழக்குப் பக்கம் குடியிருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே இரவில் சுமார் 130 மில்லிமீட்டர். மறுநாள் காலையில் அவுட்டர் ரிங் ரோட்டில் டிராக்டர் ஏறி வேலைக்குப் போனார்கள். சில குடியிருப்புகளில் ரப்பர் படகு விட்டு ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். சர்ஜாபூர் சாலைப் பக்கம் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட்டில் பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். கார்களின் கூரை மட்டும் தெரிந்தது.

எல்லோரும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சாக்கடை அடைத்துக்கொண்டது என்றார் ஒருவர். மேகவெடிப்பு என்றார் இன்னொருவர். எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம். விடிய விடிய பம்ப் ஓட்டிக் களைத்துப் போயிருந்தார். அவர் சொன்னார்: "சாக்கடை இல்ல சார். மழை நின்னு மூணு மணி நேரம் ஆச்சு, தண்ணி இன்னும் ஏறுது பாருங்க. மேல இருக்கற ஏரி கோடி போவுது. கோடி போற வழியில நம்ம பில்டிங் நிக்குது."

அந்த நாலு வார்த்தையில் விஷயம் முழுவதும் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சொந்தமாகவோ வாடகைக்கோ இந்த ஊரில் வீடு பார்க்கிற நம் ஆட்கள் ஏரி எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

முதலில் 'கோடி' என்ற சொல். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் அந்த வழியும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். மதுரை, திருநெல்வேலியில் 'கண்மாய் மறுகால் பாயுது', 'குளம் மறுகால் விழுந்துடுச்சு' என்பார்கள். கன்னடத்திலும் கோடிதான். ஏரியைக் கெரே என்கிறார்கள், தூம்பைத் தூபு என்கிறார்கள், நம் கால்வாய் அவர்களுக்குக் காலுவே. பெரிய கால்வாய் ராஜகாலுவே. இந்த ஊர் நீர்நிலைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நமக்குப் புதிதாக ஒரு மொழி வேண்டியதே இல்லை. கிராமத்தில் தாத்தா சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

பெங்களூரு நகரத்துக்குள் பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. மேட்டில் பெய்த மழை நிற்காது, நாலா பக்கமும் இறங்கி ஓடிவிடும். அதனால் இங்கே ஊர் கட்டியவர்கள் சரிவுகளில் குறுக்கே மண்கரை போட்டு ஏரி ஏரியாகக் கட்டினார்கள். 1537-இல் கெம்பேகவுடா கோட்டை கட்டியதற்கு முன்னாலும் பின்னாலும் இந்த வேலை நடந்துகொண்டே இருந்தது. ஓர் ஏரி தனியாக நிற்பதில்லை. மேல் ஏரி நிரம்பினால் மிச்சம் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே. தமிழ்நாட்டில் சங்கிலித் தொடர் ஏரிகள் என்று நாம் சொல்லும் அதே அமைப்பு.

இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மாடிப்படியில் மூன்று படிகளில் மூன்று அண்டாக்களை வையுங்கள். ஒவ்வோர் அண்டாவின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓர் ஓட்டை, அந்த ஓட்டையிலிருந்து அடுத்த அண்டாவுக்கு ஒரு குழாய். மேல் அண்டாவில் ஒரு குடம் தண்ணீரைச் சட்டென்று கவிழ்த்துப் பாருங்கள். கீழ் அண்டாவுக்கு அது சட்டென்று வராது. மேல் அண்டாவில் மட்டம் ஏற வேண்டும், ஓட்டையைத் தொட வேண்டும், அப்புறம்தான் குழாயில் இறங்கும். நீங்கள் ஒரு நொடியில் கொட்டியது கீழே வந்துசேர ஒரு நிமிடம் ஆகலாம். இப்போது நடுவில் உள்ள குழாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு இன்னொரு குடம் கவிழ்த்தால் என்ன ஆகும்? மேல் அண்டா விளிம்பைத் தாண்டி வழியும், படி நனையும். எங்கள் பேஸ்மென்ட் அந்தப் படி.

சரி, நிஜ ஏரிக்கு வருவோம். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வாசல் உண்டு. ஒன்று கரைக்கு அடியில் இருக்கும் தூம்பு, அதாவது மதகு. அது வயலுக்கானது. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை ஒரு ஆள் தீர்மானிப்பார். நம் பக்கம் நீர்க்கட்டி, நீராணி என்று அழைக்கப்பட்டவருக்கு இங்கே நீருகண்டி என்று பெயர். இன்னொரு வாசல் கோடி. அதற்கு ஆள் வேண்டாம், கதவும் இல்லை. கரையைவிடத் தாழ்வாக, ஓர் ஓரத்தில் கல் கட்டி விட்டிருப்பார்கள். மட்டம் அந்தக் கல்லைத் தொட்டால் தண்ணீர் தானாக வெளியே போகும். நள்ளிரவில் மழை கொட்டும்போது யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் கரை கரைந்து உடைந்துவிடும். அது நடக்காமல் காப்பது கோடிதான்.

கோடியின் இன்னொரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது. 10 மீட்டர் நீளமுள்ள ஒரு கோடிக் கல்லின் மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 100 கன அடி வெளியேறும். உயரம் இரண்டு மடங்காகி 60 சென்டிமீட்டர் ஆனால் 200 கன அடி என்றுதானே தோன்றும்? இல்லை, 280 கன அடிக்குப் பக்கத்தில் போகும். தண்ணீர் தடிமனாகப் போகும்போது வேகமும் கூடுவதால் இப்படி. மழை கூடக் கூட வாசல் தன்னைத்தானே அகலமாக்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு. கல்லை ஒரு முறை சரியான உயரத்தில் வைத்துவிட்டால் தலைமுறை தலைமுறையாக வேலை செய்யும். ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டுமே என்று நல்லெண்ணத்தில் யாராவது கோடியின் மேல் இரண்டு வரிசை செங்கல் வைத்துவிட்டால் இந்த ஏற்பாடு மொத்தமும் கெட்டுப்போகும். கரை உச்சிக்கும் கோடிக்கும் நடுவில் விட்டு வைத்த இடைவெளி குறைந்துவிடுகிறதே.

கோடி தாண்டிய தண்ணீர் ஓடும் வழிதான் ராஜகாலுவே. தமிழில் உபரிநீர்க் கால்வாய், வெள்ளவாரி என்று சொல்லலாம். இதைத் தெருவோரச் சாக்கடையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெரு வடிகால் தெருவின் மழையை மட்டும் எடுக்கிறது. ராஜகாலுவே ஒரு முழு ஏரியின் மிச்சத்தையும், இரண்டு ஏரிக்கும் நடுவில் உள்ள நிலத்தின் மழையையும் சேர்த்துச் சுமக்கிறது. முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று தரம் பிரித்து, நகரத்தில் இவை 800 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. நம் வீட்டுக்குப் பின்னால் நாற்றமடிக்கும் ஒரு பள்ளம் இருந்தால் அதைச் சாக்கடை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஏதோ ஓர் ஏரியின் கோடி போகும் வழியாக இருக்கும்.

இந்த வழி குறுகினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். அப்படியானால் ஒரு சதுர கிலோமீட்டரில் 130 மில்லிமீட்டர் பெய்தால் 13 கோடி லிட்டர். அந்த ஒரு சதுர கிலோமீட்டரும் வயலும் தோப்புமாக இருந்தால், நூற்றுக்கு முப்பது பங்கு ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 3.9 கோடி லிட்டர். மிச்சத்தை மண் குடித்துக்கொள்ளும். அதே நிலம் கூரையும் தாரும் கான்கிரீட்டுமாக மாறினால் எண்பது பங்கு ஓடி வரும், 10.4 கோடி லிட்டர்.

கால்வாய் 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், தண்ணீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் போகிறது என்போம். விநாடிக்கு 18,000 லிட்டர், நம் செய்தித்தாள் பாஷையில் சுமார் 635 கன அடி. பழைய வயல் நிலத்தின் 3.9 கோடி லிட்டரை அது 36 நிமிடத்தில் கடத்திவிடும். இப்போது இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர் நெருங்கி அகலம் 3 மீட்டர் ஆகிவிட்டது. பாதி அகலம் என்றால் பாதித் தண்ணீர் போகும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. குறுகிய வாய்க்காலில் தண்ணீரின் பெரும் பங்கு அடியிலும் சுவரிலும் உரசிக்கொண்டே போக வேண்டும், அதனால் வேகமும் குறையும். போகக்கூடியது பழையதில் நூற்றுக்கு நாற்பதுதான், விநாடிக்கு 7,200 லிட்டர். வருவதோ 10.4 கோடி. கடத்திமுடிக்க நான்கு மணி நேரம்.

36 நிமிட வேலை நான்கு மணி நேரமாகிறது. மழை மாறவில்லை, நிலமும் வழியும் மாறியிருக்கின்றன. மழை நின்று மூன்று மணி நேரம் கழித்தும் எங்கள் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததற்கு இதுவே விளக்கம். வண்டல் படிந்து ஆழம் குறைந்தால், நடுவில் குடிநீர்க் குழாயும் கேபிளும் குறுக்கே போனால், சாலைக்கு அடியில் உள்ள பாலத்தின் கண் சிறிதாக இருந்தால், இந்த நான்கு மணி நேரம் இன்னும் நீளும். மனைக்கு நேர்கோட்டு எல்லை வேண்டும் என்பதற்காகக் கால்வாயைச் செங்குத்தாகத் திருப்பி விட்ட இடங்களும் உண்டு. ஓடி வரும் தண்ணீருக்கு அந்தத் திருப்பம் தெரியாது. வந்த வேகத்தில் எதிர்ச்சுவரில் மோதி, ஏறி, நேராகப் போகப் பார்க்கும். நேராக ஒரு வீடு இருக்கும்.

இதுவரை சொன்னது வழியைப் பற்றி. வழியில் உட்கார்ந்திருக்கும் ஏரிக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. ஏரியின் வெள்ளத் தடுப்புச் சக்தி அதில் இருக்கும் தண்ணீரில் இல்லை, மிச்சமிருக்கும் காலி இடத்தில் இருக்கிறது. 50 ஏக்கர் ஏரி ஒன்றில் கோடிக்குக் கீழே 30 சென்டிமீட்டர் காலியாக இருந்தால் 6 கோடி லிட்டர் உள்ளே அடங்கும். மேலே சொன்ன 10.4 கோடியில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். பழைய காலத்தில் கோடை முழுக்கத் தூம்பு வழியாக வயலுக்கு நீர் போய், மழைக்காலம் தொடங்கும்போது ஏரியில் இடம் இருக்கும். ஏரி நிரம்பிக் கோடி போவது வருடத்தில் ஒரு நாள் வரும் சந்தோஷம். கங்கம்மாவுக்குப் பூஜை போடுவார்கள், கன்னடத்துக்காரர்கள் முறத்தில் மங்கலப் பொருள் வைத்துப் பாகினம் என்று தண்ணீரில் விடுவார்கள், நம் ஊரில் கிடா வெட்டுவார்கள்.

இப்போது பெங்களூரு ஏரிகள் பல வருடம் முழுக்க நிறைந்தே இருக்கின்றன. காரணம் மழை இல்லை, காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் காவிரி நீரை இந்த நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளித்து, துவைத்து, கழுவி நாம் வெளியே விட்ட தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். அது சுத்திகரித்தும் சுத்திகரிக்காமலும் ராஜகாலுவேயில் இறங்கி ஏரிக்கு வருகிறது. வயலும் இல்லை, தூம்பைத் திறக்க நீருகண்டியும் இல்லை. ஏற்கெனவே விளிம்பு வரை நின்ற அண்டாவில் மழை விழுந்தால் அத்தனையும் அப்படியே வழியத்தானே செய்யும்? பெள்ளந்தூர் ஏரியில் வெள்ளை நுரை பொங்கியதும் தீப்பிடித்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படங்களைப் பார்த்து அசுத்தம் என்று வருந்தினோம். அந்த ஏரிக்கு மழையை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் போனதும் அதே கழிவுநீரால்தான் என்பதை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. அதன் பரப்பு சுமார் 900 ஏக்கர். அதில் ஒரே ஒரு மீட்டர் ஆழம் காலியாக இருந்தால் 364 கோடி லிட்டர் பிடிக்கும், அதாவது 0.13 டிஎம்சி. அந்த ஒரு மீட்டர் இடம் இருந்திருந்தால் வெள்ளத்தன்று எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நகரத்தின் நடுவில் ஏரியே போய்விட்ட இடங்களும் நிறைய. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியில். கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். கால்பந்து மைதானம் ஷூலே ஏரி, கோல்ஃப் மைதானம் சல்லகட்டா ஏரி, 1997 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய கோரமங்களா குடியிருப்பு கோரமங்களா ஏரி. ஏரியை மண் போட்டு மூடலாம், அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சரிவை மூட முடியாது. மழை பெய்தால் தண்ணீர் இன்னும் அதே முகவரிக்குத்தான் வருகிறது. சங்கிலியில் நடுக்கண்ணி அறுந்ததால் கீழே இருக்கும் ஏரிக்கு இரண்டு ஏரியின் பாரம்.

மேல் ஏரியில் தவறு நடந்தாலும் கீழே இருப்பவர்கள்தான் அனுபவிக்க வேண்டும். 2019 நவம்பரில் ஹுளிமாவு ஏரியின் கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அன்று அங்கே பெருமழை வேண்டியிருக்கவில்லை, கரையில் ஓர் உடைப்பு போதுமாயிருந்தது.

நகரத்தில் இந்தச் சங்கிலிகள் முக்கியமாக மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகின்றன. ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி. எங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டால் கசவனஹள்ளி ஏரி, அதன் மிச்சம் கைகொண்டரஹள்ளி ஏரிக்கு, அங்கிருந்து சவுல் கெரே, அப்புறம் பெள்ளந்தூர், கடைசியில் வர்த்தூர். மடிவாளா ஏரியின் மிச்சம் அகரா ஏரி வழியாக அதே பெள்ளந்தூருக்கு வருகிறது. நம் தமிழ் மக்கள் நடைப்பயிற்சிக்குப் போகிற அல்சூர் ஏரியும் இந்தக் குடும்பம்தான். 2009 ஆகஸ்டில் திருவள்ளுவர் சிலை திறந்தார்களே, அந்தச் சிலை நிற்கிற கரையை ஒட்டிய ஏரியில் வழிவது தோமலூர்ப் பக்கமாக இறங்கிப் பெள்ளந்தூருக்குப் போய்ச் சேர வேண்டும். வடக்கே ஜக்கூர், ராச்சேனஹள்ளி, நாகவாரா, கல்கெரே என்று இன்னொரு வரிசை போய் எலே மல்லப்ப ஷெட்டி ஏரியில் முடிகிறது.

இந்தக் கால்வாய்களைக் காப்பாற்றச் சட்டம் இல்லாமல் இல்லை. நகரத்தின் 2015 பெருந்திட்டத்தில் ஏரியைச் சுற்றி 30 மீட்டர், ராஜகாலுவேயின் நடுக்கோட்டிலிருந்து தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் என்று கட்டடம் கூடாத எல்லை வைத்தார்கள். 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்று கூட்டியது, கால்வாய்க்கான எல்லையையும் மாற்றியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மீட்டர் கணக்கில் எத்தனை வேண்டும் என்று வழக்காடலாம். கால்வாய் வெள்ளத்தன்று கொஞ்சம் அகலமாகப் பரவ ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கால்வாயின் இரு பக்கமும் உயரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்புவதைத் தீர்வாக நினைக்கிறார்கள். சில நெருக்கமான இடங்களில் வேறு வழி இல்லைதான். ஆனால் வழவழப்பான கான்கிரீட் தொட்டியில் தண்ணீர் வேகமாகப் போகும், மண்ணுக்குள் இறங்காது, கீழே உள்ள ஏரிக்கு முன்பைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும். நம் தெருவைக் காப்பாற்றி அடுத்த தெருவில் கொண்டுபோய்விடுகிற வேலை அது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை மழைக்காலத்துக்கு முன் ஏரியின் மட்டத்தை இறக்கக்கூடிய மதகுகளுக்குச் செலவிட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

ஏரியைச் சீரமைக்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. ஏரியைச் சுற்றிலும் முழு வட்டமாக உயர்ந்த மண்மேடு போட்டு நடைபாதை அமைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். பழைய ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான், சரிவின் கீழ்ப்பக்கம். மேல்பக்கம் திறந்து கிடக்கும், அந்தப் பக்கத்து மழை பரந்து உள்ளே வரும். அங்கேயும் மேடு போட்டால் தண்ணீர் ஏரிக்குள் போகாமல் வெளியே தெருவில் நிற்கும். உங்கள் பகுதியில் ஏரி சீரமைப்புக் கூட்டம் நடந்தால், தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்கால் எந்தப் பக்கம், கோடி எந்தப் பக்கம் என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.

வீடு பார்க்கிறவர்கள் இதைச் செய்யலாம். கர்நாடக அரசின் திஷாங்க் என்ற செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும், பழைய கிராம வரைபடத்தையும் காட்டும். அதில் ஏரி, காலுவே எல்லாம் கோடு போட்டிருக்கும். இன்றைக்குத் தரையில் கால்வாயே தெரியாத இடத்தில் வரைபடத்தில் கோடு ஓடினால் ஜாக்கிரதை. அப்புறம் மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேல் ஏரியின் கோடியிலிருந்து கீழ் ஏரி வரை கால்வாயை ஒட்டி நடந்து பாருங்கள். எங்கே குறுகுகிறது, எங்கே திரும்புகிறது, எந்தப் பாலத்தடியில் பிளாஸ்டிக் சிக்கி நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அந்த இடத்துக்கு மேல்புறம் இருக்கும் தரைத்தள வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வெள்ளம் வடிந்த பிறகு நானும் அப்படித்தான் நடந்தேன், வாட்ச்மேன் அண்ணனோடு. கைகொண்டரஹள்ளி ஏரிக் கரையில் நின்றுகொண்டு, இங்கிருந்து தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்று கேட்டேன். "வர்த்தூர் வரைக்கும் தெரியும் சார். அதுக்கப்புறம் ஏதோ ஆத்துல கலக்குதுன்னு சொல்வாங்க" என்றார்.

அந்த ஆறு தட்சிண பினாகினி. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, கோரமங்களா–சல்லகட்டா, ஹெப்பாள் இரண்டு பள்ளத்தாக்கின் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நாம் தென்பெண்ணை என்கிறோம். முதலில் கெலவரப்பள்ளி அணை, அடுத்து கிருஷ்ணகிரி அணை, பிறகு சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல். விருஷபாவதியில் இறங்கும் மேற்குப் பக்கத்து மழை அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேர்ந்து மேட்டூருக்கு வருகிறது. காவிரியிலிருந்து ஏற்றிக் குடித்த நீரில் ஒரு பகுதி, நகரத்தின் கிழக்குச் சரிவில் இறங்குவதால், காவிரிக்குத் திரும்பாமல் தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு பங்கைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்ப் செய்கிறார்கள். அங்கேயும் முதல் ஏரியை நிரப்பினால் அது கோடி போய் அடுத்ததை நிரப்புகிறது. பழைய சங்கிலியேதான்.

கெலவரப்பள்ளியில் அவ்வப்போது நுரை மிதக்கிறது என்று செய்தி வரும். பெங்களூரில் பெருமழை என்றால் அங்கே நீர்வரத்து கூடும், மதகைத் திறப்பார்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆற்றங்கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் அடுத்து வரும் பெரிய ஊர் காவேரிப்பட்டினம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நான் பேஸ்மென்ட்ல எறச்சு விட்ட தண்ணியும் எங்க ஊருக்குத்தான் போயிருக்கு" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். இங்கே ராத்திரி பலமாகப் பெய்தால் விடிந்ததும் ஊருக்குப் போன் போடுகிறார். அவருடைய தம்பிக்கு ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலமும் ஒரு மோட்டார் கொட்டகையும் இருக்கின்றன. "இங்க நல்ல மழைடா. ரெண்டு நாளைக்கு மோட்டாரை மேல ஏத்தி வை" என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறார்.